தட்டிக்குப் பின்னால் ஒரு கை

நொஸ்ரத்துக்கு ஊரில் இரண்டு பெயர். நேரில் நொஸ்ரத், முதுகுக்குப் பின்னால் மரக்கட்டை. ஃபெரைதூன்கெனார் என்கிற அந்தக் கடலோர ஊரில் இந்தப் பட்டம் கிடைத்தவனுக்குக் கோபம் வராது, மற்றவர்களுக்குப் பொறாமைதான் வரும். அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் தேக்கி, நெல்லைத் தூவி, சுற்றிலும் நாணல் தட்டி கட்டி, வடக்கேயிருந்து கடல் தாண்டி வரும் காட்டு வாத்துகளை வலையில் பிடிக்கிற பிழைப்பு இங்கே. அதில் அசையாதவனுக்குத்தான் மரியாதை. இருமுகிறவனையும் மூக்கை உறிஞ்சுகிறவனையும் வரப்போடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒருமுறை குளவி கொட்டி உதடு பணியாரம் போல வீங்கியபோதும் நொஸ்ரத் முனகவில்லை.

"பொண்டாட்டி கேட்ட கேள்விக்கே மூணு நாள் கழிச்சுப் பதில் சொல்ற ஆளு. இவனுக்கு வாத்து முன்னாடி வாயை மூடுறது பெரிய வேலையா?" என்பான் ஹெய்பத்.

ஹெய்பத், நொஸ்ரத்தின் தங்கை காவருடைய புருஷன். இருபத்தொரு வருஷமாக ஒரே தட்டிக்குப் பின்னால் ஒரே வலைக்கயிற்றைப் பிடித்த கூட்டாளி. வாய் ஓயாத மனுஷன். உள்ளே நுழைந்ததும் அந்த வாயை அடக்க நொஸ்ரத் ஒரு "உஷ்" போடவேண்டியிருக்கும். அங்கே அவன் பேசுகிற ஒரே சொல் அதுதான்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை. பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது. இவர்களே வளர்த்துப் பழக்கிய பார்வை வாத்துகள் மேலே போய், பெரிய கிளுவை வாத்துக் கூட்டம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தன. நொஸ்ரத் தட்டியின் துளையில் கண்ணை வைத்திருந்தான். அப்போது ஹெய்பத் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். மரத்திலிருந்து விழப்போகிறவன் கிளையைப் பிடிக்கிற பிடி.

நொஸ்ரத் திரும்பவில்லை. ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. பிறகு எத்தனையோ தடவை தெரியாது, தெரியாது என்று தனக்கே சொல்லிப் பார்த்தான், மனசு ஒப்பவில்லை. தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு தலை அசைந்தால் போதும், கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். அந்த வருஷம் அந்த வயல் பக்கமே வராது. "உஷ்" என்றான். கையை உதறினான். பிடி தளர்ந்தது.

பறவைகள் இறங்கி, நம்பி, மேய்ந்து, வலைக்குள் நெருங்கி வர அரை மணிக்கு மேல் ஆயிற்று. கயிற்றை இழுத்தான். அதற்குப் பிறகுதான் திரும்பினான். ஹெய்பத் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் திறந்து நொஸ்ரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் போட முடியவில்லையா, பறவைக்காகப் போடாமல் இருந்தானா என்று கேட்க இனி வழியில்லை.

நொஸ்ரத் அவனை முதுகில் போட்டுக்கொண்டு வரப்பு வழியே ரோடு வரைக்கும் ஓடினான். ஊரே மெச்சியது. "மச்சானுக்காக இப்படி ஓட இந்தக் காலத்துல எவன் இருக்கான்" என்றார் அந்த வயலில் வலை போடுகிறவர்களுக்குத் தலைவரான சப்ஸலி. டாக்டர் மட்டும், "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா கையும் பேச்சும் தப்பிச்சிருக்கும்" என்றார்.

காவர் அண்ணனைப் பார்த்தாள். "எப்ப ஆச்சுண்ணே?"

"பாத்த உடனே தூக்கிட்டேம்மா."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவனை உள்ளே இருந்து அரித்தது.

வசந்தத்தில் ஹெய்பத்துக்கு ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. "உஷ்." டீ வேண்டுமென்றாலும் உஷ், கால் வலித்தாலும் உஷ். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். "பாவம், இன்னும் தட்டிக்குப் பின்னாடியே உக்காந்திருக்கான்." நொஸ்ரத்தும் உதட்டால் சிரித்துவைத்தான். அந்தச் சொல் அன்று கடைசியாக யார் வாயிலிருந்து போனது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பறவைகளிடமிருந்து முப்பது வருஷம் ஒளிந்தவனுக்கு அந்த ஒரு ஜோடிக் கண்ணிடமிருந்து ஒளிய இடம் கிடைக்கவில்லை.

இலையுதிர்காலம் வந்தது. பருவத்தில் முதலில் சிக்கும் ஜோடி, நோயில் கிடக்கும் கூட்டாளியின் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது ஊர் வழக்கம். கொண்டுபோகவேண்டியது அவனோடு கயிறு பிடித்தவன். சப்ஸலி இரண்டு வாத்துகளை நொஸ்ரத்தின் கையில் கொடுத்தார்.

காவர் செய்தித்தாளை விரித்து இறகு பறிக்க உட்கார்ந்தாள். "மாதுளைச் சாறு ஊத்தி, அக்ரூட் அரைச்சு வெக்கப்போறேன். அவருக்கு உயிரு. நீயும் சாப்பிட்டுப் போண்ணே."

நொஸ்ரத் தரையைப் பார்த்தான். "காவர், அன்னிக்கு..."

"உஷ்" என்றான் படுக்கையிலிருந்து ஹெய்பத்.

போதும் விடு என்கிறானா, சொல்லித் தொலை என்கிறானா, நொஸ்ரத்துக்கு விளங்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல்லுக்கு அவன் அடங்கவில்லை.

"அன்னிக்கு அவன் என் கையப் பிடிச்சாம்மா. நான் உதறிட்டேன். கூட்டம் இறங்கிட்டிருந்துச்சு. வலைய இழுத்த பெறகுதான் திரும்பினேன்."

காவரின் விரல்கள் நின்றன. "எவ்வளவு நேரம்?"

"அரை மணி. மேலயும் இருக்கும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எத்தனை சிக்குச்சு?"

மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். "நூத்தி நாப்பத்திரண்டு" என்றான்.

காவர் பாதி பறித்த வாத்தையும் பறிக்காததையும் செய்தித்தாளோடு தூக்கி அண்ணன் மடியில் வைத்தாள்.

"இந்த ரெண்டையும் அந்தக் கணக்கோட சேத்துக்க" என்று சொல்லிவிட்டு, புருஷனின் போர்வையைச் சரிசெய்யப் போனாள்.