முட்டியளவு தண்ணீர்

நிலத்தை வாங்க ஒரு நாள் போதும். வாங்கியதைக் கட்டிக் காக்கத்தான் தினமும் யாரிடமாவது ஏச்சு வாங்க வேண்டும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு இது தெரியாததல்ல.

வாயால் வந்த வேலை

எட்டாவதோடு படிப்பை விட்டு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் தரகு பேசிக்கொண்டிருந்தேன். 2000-க்குப் பிறகு பெரிய முதலீட்டுக் கம்பெனி ஒன்று மானாம்பதி பக்கம் நிலம் சேர்த்தது. நட்டநடுவே ஏழுமலையின் இரண்டு ஏக்கர். "மழை வந்தா முட்டியளவு தண்ணி நிக்கும்யா! காலனி ஜனம் பஸ்ஸுக்குப் போற பாதை வேற குறுக்க ஓடுது! எவன் வாங்குவான்?" என்று கம்பெனிக்காக மூன்று நாள் கத்தினேன். விலை பாதியாக இறங்கியது.

கம்பெனிக்கு ஒரே குஷி. நிலங்களைப் பார்த்துக்கொண்டு மாதாமாதம் ரிப்போர்ட் அனுப்பும் மேனேஜர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். ஏழுமலையையே வாட்ச்மேனாகப் போட்டேன். பத்திரத்தில் கைநாட்டு வைத்தபோது அவர் சொன்னது: "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

வேலி

வேலி போடச் சொன்னார்கள், போட்டேன். மறுநாள் பார்த்தால் பாதை இருந்த இடத்தில் கம்பி அறுந்து கிடக்கிறது. டிபன் கேரியரோடு நுழைந்து வந்த செல்வி என்ற பெண்ணை மறித்து, "இங்க ஏதும்மா பாதை?" என்று எகிறினேன். அவள் நின்றுகூடப் பேசவில்லை, நடந்துகொண்டே சொன்னாள்: "இன்னா சார் பேஜார் பண்றே? ஏழுமலை மாமாகிட்ட வெல பேசுறப்ப, பாதை கீது பாதை கீதுன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனது நீதானே?"

அன்றைக்கே ஆள் நுழைய சந்து விட்டேன்.

கார்டுக்கு வந்த கண்டம்

நிலத்துக்கு மதிப்புப் போட சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். மதிப்பு குறைந்தால் உன் வேலை இருக்காது என்று ஆபீசில் முன்பே போனில் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட மண் தொண்டை மண்டலத்திலேயே இல்லை என்று நான் அளந்துகொண்டிருக்க, அவர் ஏழுமலையைப் பார்த்து, "மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்றார்.

"முட்டியளவு நிக்கும் சார்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "யோவ்! என்னைக்காவது ஒரு நாள் நின்னிருக்குதாய்யா?"

ஏழுமலை கோபப்படவில்லை. "எங்க அப்பன் காலத்துலேர்ந்து உழுத நெலம். நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? பொண்ணு கல்யாணம் நெருங்கிக்கினு இருந்துச்சு. நீ கத்துனே, நான் தலையாட்டுனேன்."

பேரம் இல்லாமல் பேசியது

நிற்கும் என்றால் வேலை போய்விடும். நிற்காது என்றால் நான் ஏமாற்றுக்காரன். ஏழுமலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சத்தம் போடாமல் பேசினேன்: "தண்ணி நிக்காது சார். வெலையைக் குறைக்க நான் சொன்ன பொய்."

வந்தவர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "அப்போ இதுவரைக்கும் கம்பெனிக்கு நீங்க அனுப்பின ரிப்போர்ட்டுல எதெது சார் நிஜம்?"

நிலத்துக்கு நல்ல மதிப்பு கிடைத்து, எனக்கு வேலை போய், மறுபடி அதே பஸ் ஸ்டாண்டில் தரகு பேசும் நான் இப்போதெல்லாம் யார் நிலத்தையும் கத்திக் குறை சொல்வதில்லை, காதோரமாகத்தான் சொல்கிறேன்.