ஒடாலிஸ் நீட்டிய துணி

மத்தான்சாஸ் நகரில் பழைய அமெரிக்கக் கார்களுக்கெல்லாம் உயிர் கொடுத்த மெக்கானிக் ரெய்னேரியோ, அன்று நடுவெயிலில் மரமாய் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் காரே நின்றுவிட்டது. பின்சீட்டில் மனைவி ஒடாலிஸ் பிரசவ வலியில் துடித்தாள்.

பானட்டைத் திறந்து பார்த்தார். ஸ்பார்க் பிளக்கில் பொறி வந்தது. பெட்ரோல்தான் வரவில்லை. பம்பைத் தொட்டார், நெருப்பாய்ச் சுட்டது. அந்தச் சூட்டில் உள்ளே பெட்ரோல் ஆவியாகி, இன்ஜினுக்குப் போகாமல் நின்றிருந்தது. பயத்தில் அவருக்குக் கைகால் ஓடவில்லை.

“என்னய்யா முழிக்கிற? பம்பு மேல ஈரத்துணி போடுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவியே!” வலியிலும் சீறியவள், குழந்தைக்காகத் தைத்த துணியைக் குடிதண்ணீரில் நனைத்து நீட்டினாள்.

“ஐயோ, புள்ளையோட துணிடி!”

“மொதல்ல புள்ள பொழைக்கட்டும்!”

பம்பில் துணியைச் சுற்றி, அது குளிரும்வரை காத்திருந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமி அடங்கியது. “மாதாவே!” என்று மறுபடி திருப்பினார். உறுமியது.

பிரசவ அறை வாசலில், பெட்ரோல் நாறிய துணியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். உள்ளே மகளின் அழுகுரல் கேட்டது. அந்தத் துணியிலேயே முகம் புதைத்து விம்மினார்.