குங்குமத் தட்டோடு கேட்ட கேள்வி

ஹேமாவதி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நூற்று எழுபத்தாறு நைட்டிகள் கிடந்தன. எல்லாவற்றிலும் வலது பக்கம் ஒரு பாக்கெட். அந்தப் பாக்கெட்டை நம்பித்தான் அவள் மூன்று மாதம் ஓட்டினாள். இன்னும் நாலே நாளில் ஒன்றாம் தேதி. அன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் பெட்டியோடு போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வேலையும் போச்சு.

ஓசூர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள் ஹேமாவதி. தைத்து வரும் துணியை உள்பக்கம் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்ப்பது வேலை. ஆடி மாதம் பிறந்த கையோடு கம்பெனியை மூடினார்கள். ஓசூர் யூனிட்டுக்கு வருகிறவர்கள் வரலாம், ஹாஸ்டல் உண்டு, மூன்று மாதம் அவகாசம் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஹாஸ்டலில் புருஷனையும் பிள்ளையையும் சேர்க்க மாட்டார்கள் என்பதை அதில் எழுதவில்லை. அதெல்லாம் எழுத மாட்டார்கள்.

பருத்திப்பட்டு ஏரிக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு இரண்டு அறை வீடு. புருஷன் ஜெயராமன் திருமழிசையில் லேத் பட்டறையில் இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கும், கை மட்டும் திரும்பவே இல்லை. மகள் தேவிப்பிரியா பிளஸ் டூ. அம்மா ஓசூர் போனால் அப்பாவை யார் பார்ப்பது? "நான் வேணா ஸ்கூல்லேர்ந்து நின்னுடறேன்மா" என்று அந்தப் பெண் ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். ஹேமாவதி அந்தத் தட்டைப் பிடுங்கித் தானே கழுவினாள்.

ஜெயராமனைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். "நீ போ ஹேமா. நா பாத்துக்குறேன். எனக்கு இன்னா கொறை?"

போகாமலிருக்க ஒரு வழி வேண்டும். வீட்டிலிருந்தே செய்கிற தொழில் வேண்டும். கம்பெனி மூடும்போது கொடுத்த பணத்தில் ஒரு மோட்டார் மெஷினை வாங்கிப் போட்டுவிட்டு, போனில் வீடியோக்கள் பார்த்தாள். கோட்டுப் போட்ட ஒரு பையன் சொன்னான்: ஆன்லைனில் விற்கத் தொடங்கும் முன் சொந்தமாக மார்க்கெட் ரிசர்ச் செய்யுங்கள், வாங்கப்போகிறவர்களிடம் நேராகப் போய்க் கேளுங்கள். நல்ல யோசனைதான். எந்த நேரத்தில் போய்க் கேட்க வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பிள்ளை சொல்லவில்லை.

அப்போது ஆடி. அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பதற்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து அழைப்பது நாத்தனார் சாமுண்டீஸ்வரியின் வேலை. "நீயும் வா அண்ணி, ஒரே நடையில உன் வேலையும் முடிஞ்சிடும்" என்றாள். ஏரிக்கரையைச் சுற்றி முளைத்திருக்கும் ஃபிளாட்டுகளில் அறுபத்திரண்டு கதவுகளைத் தட்டினார்கள். சாமுண்டீஸ்வரி தட்டை நீட்டுவாள். உள்ளேயிருந்து வந்தவள் குங்குமம் எடுத்து வைத்துக்கொள்வாள். அந்த நேரம் பார்த்து ஹேமாவதி கேட்பாள்: "போன் வெச்சுக்கற மாதிரி பாக்கெட் வெச்ச நைட்டி, நல்ல காட்டன், ஆன்லைன்ல போட்டா வாங்குவீங்களாம்மா?"

ஐம்பத்தெட்டுப் பேர் கண்டிப்பாக வாங்குவோம் என்றார்கள். ஒவ்வொரு கதவுக்கும் நோட்டில் ஒரு டிக் போட்டாள். அன்றைக்கு வீடு திரும்பியபோது அவள் நடையே வேறு மாதிரி இருந்தது.

நூற்று எண்பது தைத்தாள். தேவிப்பிரியா படம் பிடித்துப் போட்டாள். ஆவணி போய்ப் புரட்டாசியும் போனது. வந்த ஆர்டர் பதினொன்று. அதில் ஏழு திரும்பி வந்தன, கவரைப் பிரித்த அடையாளத்தோடு. ஹேமாவதி போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். போன் சத்தம் கேட்டால் ஆர்டர்தான் என்று பதறுவாள். எடுத்துப் பார்த்தால் லோன் வேண்டுமா என்று எவனோ கேட்டிருப்பான். சோறு இறங்கவில்லை. ஐம்பத்தெட்டுப் பேரும் சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்தாள். அந்த ஃபிளாட்டுகளைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்வாள்.

நாலு நாள்தான் பாக்கி என்ற அன்று காலை, பொறுக்க முடியாமல் கிளம்பிவிட்டாள். தட்டு இல்லை, நாத்தனார் இல்லை. முதல் கதவு கிருஷ்ணப்பிரியாவுடையது. திண்டுக்கல் பெண், ஐடி வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறவள். வாங்கித் திருப்பி அனுப்பாத நாலு பேரில் ஒருத்தி.

ஏன் மற்ற யாரும் வாங்கவில்லை என்று சண்டை போடத்தான் ஹேமாவதி போனாள். கதவு திறந்ததும் வாய் வேறு மாதிரி கேட்டது. பத்தொன்பது வருஷத்தில் எந்த டெய்லரிடமும் அவள் ஒழுங்காகத் தைத்தாயா என்று கேட்டதில்லை. கேட்டால் எல்லாரும் தைத்தேன் என்றுதான் சொல்வார்கள். துணியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிடுவாள்.

"வாங்குவியான்னு கேக்க வரலம்மா. நீ வாங்குன நைட்டியக் கொஞ்சம் எடுத்தாந்து காட்டு."

கிருஷ்ணப்பிரியா தயங்கித் தயங்கி எடுத்து வந்தாள். பாக்கெட் இருந்த இடத்தில் தையல் பிரித்த ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

"போனைப் போட்டா ஒரு பக்கமா இழுக்குதுக்கா. கழுத்து இறங்கிடுது. அதான் பிரிச்சுட்டேன்."

"அன்னிக்கு நல்லாருக்கும்னு சொன்னியே."

"ஆடி வெள்ளிக்கிழமை, குங்குமத் தட்டோட வாசல்ல நிக்கிறீங்க. அந்த நேரத்துல வேண்டாம்ங்கிற வார்த்தையை எப்படிக்கா வாயில எடுப்பேன்?"

ஹேமாவதியால் கோபப்பட முடியவில்லை. அவளே அப்படித்தான். மஞ்சள் குங்குமத்தோடு யார் வந்து எதற்கு அழைத்தாலும், கண்டிப்பாக வருகிறேன் என்பாள், போக மாட்டாள் என்று தெரிந்தே. இதைத் தெரிந்து வைத்திருந்தவள்தான் அறுபத்திரண்டு வாசலில் தட்டோடு நின்றிருக்கிறாள். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்னும் ஆறு வீடு ஏறினாள். கடைசியாக வாங்கிய நைட்டியைக் காட்டுங்கள் என்றாள். எல்லாம் ஆவடி மார்க்கெட்டில் வாங்கியது, தெருவில் வண்டியில் வருகிறவனிடம் வாங்கியது. மூன்றாவது மாடி ஆக்னஸ் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "துணிய ரெண்டு விரலால தேச்சுப் பாக்காம நைட்டி வாங்குவேனா? போன்ல எப்படிம்மா தேய்க்கிறது?" அந்த ஆறு வீட்டில் ஒருத்திகூட நைட்டியைப் போனில் வாங்கியதில்லை. ஆடியிலேயே இப்படிக் கேட்டிருந்தால் ஒரு நைட்டிகூடத் தைத்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே நாலு புடவையை மடித்து வைத்தாள். ஜெயராமன் வெறும் உடம்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் இருந்தார்.

"போய்ட்டு வா ஹேமா. நா பாத்துக்குறேன்."

காலையிலிருந்து ஏழு வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் அவளுக்கு. ஹேமாவதி மடிப்பதை நிறுத்தினாள்.

"பாத்துக்குவியா மாட்டியான்னு கேக்கல. இன்னிக்கு நா போனப்புறம் இன்னா பண்ணே? அத்தச் சொல்லு."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இன்னா பண்ணேன். உக்காந்துகினு இருந்தேன்."

"சட்டை ஏன் போடல?"

"போட்டேன். பொத்தான் மாட்ட வரல. கழட்டிட்டேன்."

"அப்புறம்?"

அவர் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சிலிண்டர்காரன் வந்தான். மேல சட்டையில்லாம எப்படிக் கதவத் தொறக்கறது? உள்ளயே இருந்துட்டேன். ரெண்டு வாட்டி பெல் அடிச்சுட்டுப் போய்ட்டான்."

"போன வாரமும் சிலிண்டர்காரன் வரலன்னு சொன்னே."

"வந்தான்" என்றார் ஜெயராமன்.

இரண்டு வருஷமாகக் காலையில் அவளோ மகளோ பொத்தான் போட்டுவிடுவார்கள். அவசரத்தில் மறந்துபோன நாளெல்லாம் இந்த மனுஷன் கதவைத் திறக்காமல் இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். பாத்துக்குறேன் என்று அவர் சொன்னதும் ஃபிளாட்டுப் பெண்கள் சொன்னதும் ஒன்றுதான். ஊர் முழுக்கப் போய்க் கேட்டவள் வீட்டில் கேட்கவில்லை.

அவள் அவருடைய நீலச் சட்டையை எடுத்தாள். பொத்தான் எல்லாவற்றையும் பிரித்தாள். கம்பெனியிலிருந்து வந்த மிச்சச் சாமானில், அழுத்தினால் ஒட்டி இழுத்தால் பிரியும் வெல்க்ரோ பட்டை ஒரு சுருள் இருந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி உள்பக்கம் வைத்துத் தைத்து, பொத்தான்களை மேலே சும்மா பார்வைக்குத் தைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் பொத்தான் போட்ட சட்டைதான்.

"நீயே போடு. நா தொட மாட்டேன்."

விழுந்த கையை முதலில் நுழைத்து, இடது கையால் இழுத்துவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தினார். முதல் தடவை கோணிக்கொண்டது. பிரித்துத் திரும்ப அழுத்தினார், நேராக நின்றது. எழுந்து காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து வாசலில் நின்றார். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றார்.

ஹேமாவதி போனை எடுத்தாள். ஒரு கையால் போடுகிற சட்டை என்று தேடிப் பார்த்தாள். கண்ணில் பட்டதெல்லாம் வெளிநாட்டுச் சாமான், யானை விலை. அந்த ஃபிளாட்டுகளில் கை விழுந்தவர்கள் எத்தனை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, தெரியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும். நாலு நாளில் எத்தனை வீடு ஏற முடியும்? ஒற்றைச் சட்டையை நம்பி ஓசூரை விட முடியுமா? அது ஒரு பயம். இன்னொரு பயமும் கூடவே வந்தது. சட்டையை அவரே போட்டுக்கொள்வதால், இப்போது அவள் தாராளமாக ஓசூர் போகலாம்.

ஜெயராமன் வாசலிலிருந்து திரும்பி, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். வழக்கமான வார்த்தையைத்தான் சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"சட்டைய நானே போட்டுக்குறேன்" என்றார். "ஆனா நீ போவாத ஹேமா."

மூன்று மாதத்தில் அவர் சொன்ன முதல் வேண்டாம் அதுதான். கையில் வேறு வருமானம் எதுவும் இல்லாத நேரத்தில் வந்து சேர்ந்தது. ஹேமாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியை மூடவும் இல்லை, காலி செய்யவும் இல்லை. கொடியில் கிடந்த அவருடைய வெள்ளைச் சட்டையை இழுத்து மடியில் போட்டு, முதல் பொத்தானைப் பிரித்தாள்.