மாராவில் படித்ததும் கரடியனாற்றில் நின்றதும்

இஷாம் ஆபிரிக்காவிலிருந்து வந்து நாலு மாதமாகிறது. வீட்டில் இருக்கிறானா என்றால், இருக்கிறான். இருப்புக்கொள்ளவில்லை, அதுதான் சங்கதி. விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்தால் முற்றத்தில் நடை, அது முடிந்தால் கேற்றடியில் நடை. பக்கத்து வீட்டு ஓட்டோவின் எஞ்சினைக் கேட்காமலே கழற்றிப் பூட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த ஓட்டோக்காரர் வண்டியைத் தெருவில் நிறுத்துவதையே விட்டுவிட்டார்.

ஏறாவூரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. கல்யாணம் முடித்த ஆண் அங்கே வந்து சேர வேண்டும். இஷாம் வந்து சேர்ந்தான், சேர்ந்த கையோடு கட்டாருக்குப் போனான், அங்கிருந்து கென்யாவுக்கு. மசாய் மாராவில் சஃபாரி வண்டிகளைத் திருத்தும் மெக்கானிக்காக ஏழு வருடம். இடையில் மூன்று தடவை லீவில் வந்ததோடு சரி. தலை துவட்டும் துவாய் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கும் மனைவி றிஸானாவைத்தான் கேட்க வேண்டும். ஒன்பது வயது மகள் ரிப்கா போன கிழமை உம்மாவிடம் மெல்லக் கேட்டாள்: "வாப்பா எப்ப திரும்பிப் போவார்?" பக்கத்து அறையில் இருந்தவனுக்கு அது கேட்டுவிட்டது. இந்த வெட்கக்கேட்டை யாரிடம் போய்ச் சொல்ல?

பக்கீர் காக்காவின் தேத்தண்ணிக் கடையில்தான் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

"என்ன சிங்கம், இண்டைக்கும் கூட்ட உடைச்சிட்டு வந்திட்டா?" என்பார் பக்கீர்.

"சும்மா இரிங்க காக்கா" என்பான் இவன். ஆனால் அடுத்த நிமிடமே கதை தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கில் காட்டுமாடுகள் ஆற்றைக் கடப்பது, சிறுத்தையொன்று வண்டியின் கூரையில் ஏறிப் படுத்துக்கொண்டது, கடைசியில் எப்போதும் யானை. "எஞ்சின நிப்பாட்டிட்டு மூச்சுக் காட்டாம இரிக்கணும். ஆனை பக்கத்தால உரசிக்கிட்டுப் போகும். ஒண்டும் செய்யா. நூறு தரம் பாத்திரிக்கன்." அது பொய்யில்லை. பழுதான வண்டிகளைத் தேடிப் புல்வெளிக்குள் போகும்போதெல்லாம் அவன் கண்ணால் கண்டதுதான்.

அன்று காலை மாராவிலிருந்து மனேஜரின் செய்தி வந்தது. ஜூலை சீசனுக்கு முன் பதினொரு வண்டிகள் தயாராக வேண்டும். பின்னேரம் நாலு மணிக்கு அழைப்பேன். வருகிறாயா இல்லையா என்று அப்போதே சொல்லிவிடு. இஷாமுக்கு நெஞ்சு துள்ளியது. இனிப் போகமாட்டேன் என்று வந்த அன்றே றிஸானாவிடம் சொல்லியிருந்தான். அதனால் செய்தியைக் காட்டவில்லை. ஆனாலும் மனதுக்குள் பெட்டி கட்டி முடிந்துவிட்டது.

மறுநாள் வயல் வெட்டு, நெல் அறுவடை. கரடியனாற்று வயல்வெளியில், வட்டையில், றிஸானாவுக்கு மூன்று ஏக்கர். வெறும் சாக்குகளைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு இருவரும் அன்று பின்னேரமே மூன்று மணிக்குப் புறப்பட்டார்கள். வழி நெடுக இவன் கண் மணிக்கூட்டில்தான்.

வட்டைக்குள் திரும்பும் ஒற்றை மண்பாதையில், இருபது யார் தள்ளி, யானை நின்றது. தனியன். கூட்டத்தோடு சேராத ஆண் யானை.

"ரிவர்ஸ் எடுங்க" என்றாள் றிஸானா.

இஷாம் எஞ்சினை நிறுத்தினான்.

"என்ன செய்றீங்க? ரிவர்ஸ் எடுங்க எண்டு செல்றன்!"

"பேசாம இரி புள்ள. எனக்குத் தெரியும். இப்ப பாரு, தானாப் போகும்."

சொல்லும்போது அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோசம்கூட வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் தனக்குத் தெரிந்த ஒரு விஷயம் நடக்கிறது! யானை காதை விரித்தது. தலையை ஒருமுறை உதறியது. பிறகு நேரே வண்டியை நோக்கி ஓடி வந்தது.

அவன் திறப்பைத் திருகினான். எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. ஊர் வண்டியெல்லாம் திருத்திக் கொடுத்தவனுடைய வண்டி! பொனெட் நசுங்கிய சத்தத்தில் காது அடைத்தது. முன்கண்ணாடி முழுக்க யானையின் நெற்றிதான். இஷாம் "அல்லாஹ்வே!" என்று கத்தியது மட்டும் அவனுக்கு நினைவிருக்கிறது.

றிஸானா கத்தவில்லை. காலடியில் கிடந்த தன் வயல் பையிலிருந்து, யானை விரட்டப் போடும் யானைவெடியொன்றை எடுத்தாள், லைட்டரைத் தட்டினாள், திரி பிடித்ததும் ஜன்னலால் எறிந்தாள். வெடித்த வெடியில் வண்டியே அதிர்ந்தது. யானை பிளிறிக்கொண்டு வரம்பை மிதித்துக் காட்டுப் பக்கம் ஓடியது.

இருவரும் இறங்கி நின்றார்கள். ரேடியேட்டர் தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க ஆனை ஒண்டும் செய்யாதே..." என்றான் அவன். 

"அங்க வாகனத்தில வாறவன் படம் புடிப்பான். இஞ்ச வாகனத்தில வாறவன் வெடி போடுவான். ட்ரக்டர், பிக்கப் எதக் கண்டாலும் அதுக்கு வெடிதான் ஞாபகம் வரும். இஞ்சத்த ஆனைக்கு உங்களத் தெரியா."

இஷாம் அவளுடைய கையைப் பார்த்தான். விரல்களில் வெடிமருந்துக் கரி. கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நீ எத்தின தரம் இப்பிடி நிண்டிரிக்காய்?"

"வெட்டு வந்தா நிக்கிறதுதான். ஒருக்கா காவலுக்குப் படுக்கிற வாடியயே ஆனை தள்ளி உட்டுட்டு. நான் வாய்க்காலுக்குள்ள படுத்துக் கிடந்தன்."

"எனக்கு ஏன் செல்லல்ல?"

"நீங்க போன்ல சிங்கக் கதை செல்லிக்கிட்டு இருந்தீங்க. சந்தோசமா செல்றீங்க எண்டு கேட்டுக்கிட்டு இருந்தன். இதச் சென்னா நீங்க பயப்புடுவீங்க."

ஏழு வருடம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மணித்தியாலம் பேசினான். மறுமுனையில் "ம்ம்" என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த "ம்ம்"முக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டானா? கேட்கவில்லை. மடையன், மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

போன் அடித்தது. கென்யா நம்பர். றிஸானா எட்டிப் பார்த்தாள். முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவன் எடுத்தான். சுவாஹிலியில் இரண்டு வசனம் பேசினான். மறுமுனை ஏதோ கெஞ்சியது. திரும்பவும் அதையே சொன்னான், வைத்தான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். 

"எப்ப பயணம்?" என்றாள் அவள், திரும்பாமலே.

"போகல்ல. வரமாட்டன் எண்டு செல்லிட்டன்."

 றிஸானா வரம்பில் குந்தினாள். யானைக்கு முன்னால் அசையாமல் இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"இத ஏழு வருசத்துக்கு முந்திச் செல்லியிருக்கலாமே" என்றாள்.