அம்மா வாங்கிய மீன் மசாலா

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவைப் பாறசாலையில் புதிதாகத் திறந்திருந்த சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா குன்னத்துகால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். எண்பதை நெருங்குகிறாள். நான் கல்யாணமாகி நெய்யாற்றின்கரையில் இருக்கிறேன். வங்கியில் வேலை.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் பக்கத்துக்கு முதல் சூப்பர் மார்க்கெட் வந்தது. ஒரே ஒரு பெரிய அறை. சிலர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பிஸ்கட், ஜாம், நூடுல்ஸ், நாலைந்து மசாலா பாக்கெட்டுகள், யாரும் வாங்காமல் தூசி படிந்த கார்ன்ஃபிளேக்ஸ், அவ்வளவுதான். மீனுக்கும் காய்கறிக்கும் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் புதுக் கடையில் நுழைந்ததும் நான் திகைத்து நின்றுவிட்டேன். மரச்சீனிக் கிழங்கைத் தோல் சீவித் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். உரித்த சின்ன வெங்காயம், சுளை எடுத்த பலாச்சக்கை, முள் நீக்கிய மீன். வீட்டுக்கு வீடு தென்னை நிற்கிற ஊரில் துருவிய தேங்காய் பாக்கெட்டில் இருந்தது. ஒரு அலமாரி முழுக்கக் கொரியா நூடுல்ஸ். இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்கத் திரும்பினேன். அவள் பக்கத்தில் இல்லை. மசாலா அடுக்கின் முன்னால் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுக்கைச் சரிசெய்துகொண்டிருந்த பெண் அவளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"டீச்சரே, உங்களுக்க அந்த மீன் மசால இப்ப வாறதில்ல. கம்பெனி நிறுத்தியாச்சு. தேடாண்டாம்."

அவள் ஆள் மாறிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அம்மா பாக்கெட் மசாலா வாங்குகிறவள் இல்லை என்று சொன்னேன். அந்தப் பெண் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதல்ல வந்த பழைய கடையில பதினாறு வருசம் நின்னவளாக்கும் நான். மாசா மாசம் ரெண்டு பாக்கெட் நான்தான் டீச்சருக்கு எடுத்துக் குடுப்பேன், அக்கா."

அம்மா திரும்பாமலே, "ஆமா" என்றாள்.

அம்மாவின் மீன் கறி எங்கள் உறவில் பேர் போனது. மிளகாயும் மல்லியும் வறுத்து அம்மியில் அரைத்து வைக்கிற கறி என்று எல்லாருக்கும் தெரியும். என் கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் அதே கறியைக் கேட்டார்கள். அம்மாவிடம் அளவு கேட்டு எழுதிக்கொண்டேன். பாலராமபுரம் போகிற வழியில் ஒரு அம்மி வாங்கினேன். வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து வந்து அரைத்தேன். ஒருநாளும் அந்த ருசி வரவில்லை. வராதபோதெல்லாம் அம்மாவுக்குப் போன் செய்வேன். நிதானமாக வறுக்க வேண்டும், கை பழக வேண்டும் என்பாள். கடைசியில் தோள்பட்டை வலி வந்து, காட்டாக்கடை டாக்டர் இனி அம்மியைத் தொடக் கூடாது என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். அந்த டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனவளே அம்மாதான்.

கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. அவளை அங்கே உட்கார வைத்தேன். நான் எழுதிக்கொண்ட அளவெல்லாம் என்ன என்று கேட்டேன்.

"அது எனக்க மாமி சொல்லித் தந்த கணக்காக்கும். எனக்கும் அது ஒருநாளும் சரியா வந்தது கெடையாது, மக்கா."

அதன்பிறகு கேட்காமலே சொன்னாள். முதல் கடை வந்த வருடம் மாமியார் இறந்துபோயிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து பரீட்சைத் தாள் திருத்தி, அப்புறம் அரைக்க உடம்பில் தெம்பு இல்லை. ஒருநாள் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டாள். அன்றைக்கென்று சபைப் போதகர் சாப்பிட வந்திருந்தார். அம்மியில் அரைத்த ருசியே தனி என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்துவிட்டார். அப்பாவுக்கு ஒரே பெருமை. அந்த இடத்தில் அவளால் வாய் திறக்க முடியவில்லை. பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. பொடியைப் பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் கொட்டிவிட்டு, பாக்கெட்டை அடுப்பில் போட்டு எரித்துவிடுவாளாம்.

கல்லூரி விடுதியிலிருந்து சனிக்கிழமைகளில் நான் ஆவலாக ஓடி வந்து சாப்பிட்ட கறியும் அதுதான்.

"எனக்க தோளு போனப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தேன்" என்றாள். "அங்க வெச்சு நாக்கு எழும்பல்ல."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எதையும் காட்டத் தெரியாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து, வந்தது வந்துவிட்டோம், சாமான் எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள்.

மறுபடி உள்ளே போனோம். இந்த முறை அவள் ஒளிக்கவில்லை. எந்த மீன் மசாலா நல்லது என்று அந்தப் பெண்ணிடம் சத்தமாகவே விசாரித்து மூன்று வகை எடுத்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து ஆப்ப மாவு பாக்கெட் ஒன்றைத் தேடாமலே கை நீட்டி எடுத்தாள். அந்தக் கை போன வேகத்தைப் பார்த்து எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது.

"கிறிஸ்துமஸ் ஆப்பமுமா?"

"எட்டு வருசமாச்சு" என்று சொல்லிவிட்டு, உறைந்த பரோட்டா இருந்த பக்கம் நடந்தாள்.

அடுத்த நாள் என் வீட்டில் அந்த மூன்றில் ஒரு பாக்கெட்டைப் பிரித்து நெத்திலிக் கறி வைத்தேன். பரிமாறுவதற்கு முன்பே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அம்மாவுக்கே போன் செய்து கேட்டார். அவள் என்ன சொன்னாளோ, போனை வைத்துவிட்டார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு மட்டும் கொஞ்சம் கொறவு" என்றார்.