கம்பெனிச் சட்டை

எங்கள் பக்கத்துப் பெண்கள் நாங்கள் வயலில் இறங்கும்போது புடவைக்கு மேல் புருஷனின் பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொள்வோம். முழுக்கை, கெட்டித் துணி. வெயில் சுடாது, நெல்லிலை கையைக் கீறாது. ஒரகடத்துக்கு இத்தனை கம்பெனி வந்து நமக்கு நேராகக் கிடைத்தது இது ஒன்றுதான் என்று சிரித்துக்கொள்வோம்.

கொரோனாவில் கம்பெனி மூடியதும் கான்ட்ராக்ட் ஆட்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்ததை எல்லாம் போட்டு, என் பேரில் இருக்கும் நிலத்தில் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நெல் நட்டோம். உரம் வாங்கத்தான் வழியில்லை, பயிர் மஞ்சளடிக்க ஆரம்பித்தது. விவசாயிகளுக்கு அரசாங்கம் வங்கியில் பணம் போடுகிறது என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அது வந்தால் யூரியா, வராவிட்டால் மாட்டுக்குத்தான் பயிர்.

விசாரிக்க ஓர் அலுவலர் பைக்கில் வந்தார். நானும் இன்னும் இரண்டு பெண்களும் களை பறித்துக்கொண்டிருந்தோம். மூன்று நீலச் சட்டை, மூன்று மாஸ்க், பின்னால் கம்பெனி மதில்.

"இன்னாம்மா, ஷிஃப்ட் முடிஞ்சி வந்தீங்களா? நிலத்துக்காரங்க எங்க?" என்றார்.

"நான்தான் சார்."

"கம்பெனில சம்பளம் வாங்கிகினு இதுக்கும் வந்துட்றீங்க!"

சட்டை என் வீட்டுக்காரருடையது, அவருக்கே இப்போது வேலையில்லை என்றேன். கொஞ்சம் இறங்கி வந்தார். போட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டுமாம்.

"அந்த சட்டைய கயட்டும்மா. தலையில ஒரு துண்ட கட்டிகினு, அரிவாள கையில புடிச்சிகினு நில்லு. பாக்க விவசாயி மாதிரி இருக்கணும்ல?"

நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிருக்கு அரிவாள்! எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. சேற்றில் நிற்க நான் வேண்டும், படத்தில் நிற்க மட்டும் வேறொருத்தி வேண்டுமா?

"கயட்ட மாட்டேன் சார். இப்டியே எடுங்க."

"திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் என்னைக் கேக்காத."

மோட்டார் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஒரு போட்டோதான? பயிரப் பாருடி."

பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது.

"நீ சும்மா இருய்யா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து களையைப் பிடுங்கினேன். நிமிரச் சொன்னார் அலுவலர். நிமிரவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே பக்கத்து நிலத்துக்காரரும் போட்டோவுக்கு வந்தார். அவர் நிலத்தில் பிளாட்டுக் கல்லைத் தவிர எதுவும் முளைத்ததில்லை. அதனால் துண்டு கட்டி, அரிவாள் பிடித்து, என் வரப்பில் ஏறி என் பயிரைப் பின்னால் வைத்துச் சிரித்தார்.

அவருக்குப் பணம் வந்தது. என் மனு அந்தப் போட்டோவோடு திரும்பி வந்தது.

கம்மலை ஸ்ரீபெரும்புதூர் அடகுக் கடையில் வைத்து யூரியா போட்டேன். பயிர் பச்சை பிடித்தது, நெல் வீட்டுக்கு வந்தது. கம்மல் வரவில்லை. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, வரட்டும்.

இன்னும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். போட்டோ கேட்டால் அதே போட்டோதான். கவுண்டரில் இருப்பவர் உற்றுப் பார்த்துவிட்டு, "மூஞ்சியே தெரியலியேம்மா" என்கிறார்.

"பயிர் தெரியுதா பாருங்க சார்" என்கிறேன்.