கொளுத்தும் முன் கூப்பிடுகிறவர்

பீளமேட்டில் ஒரு பேக்கரி மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் போர்டு கேம் ஆடுவோம். அன்றைக்குக் கொள்ளைநோய் ஆட்டம். பலகையிலிருந்த வெளிநாட்டு ஊர்கள் வாயில் நுழையாததால், நம் ஊர்ப் பெயர்களை எழுதி ஒட்டியிருந்தோம். ஊரில் வாழும் ஆட்களுக்குப் பதில் சின்ன மரக்கட்டைகள். புதிதாக வாங்கிய கூடுதல் கார்டுகளில் ஒன்று கொடூரமானது: நோய் பரவாமலிருக்க ஊரையே ஆட்களோடு கொளுத்திவிடலாம்.

எதிரே இருந்தவர் அன்றுதான் முதல்முறை வந்தவர். வெள்ளைச் சட்டை, தடித்த கழுத்து, சுத்தியல் மாதிரி முஷ்டி. கொளுத்துவதில் ஈவிரக்கமே கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஊர்மேல் விரலால் தட்டி, "ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?" என்பார். கொஞ்சம் காத்திருப்பார். பிறகு ஓங்கி ஒரே குத்து. காங்கேயத்துக் கட்டைகள் தெறித்துத் தரையில் உருண்டன. அவிநாசிக்கும் அதே கதி. நாங்கள் சிரித்தோம்.

என் முறை வந்தது. ஆட்டத்தில் அவர் பிடித்து வைத்திருந்த சோமனூர்மேல் கார்டை வீசி, கட்டைகளை ஒரே தள்ளாகத் தள்ளினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். டீ கொட்டியது. எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"விளையாட்டுதானுங்களே!"

"கூப்பிடுங்க."

வலி தாங்காமல் இடது கையால் சோமனூரைத் தட்டினேன். "ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?"

அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என் கையை விட்டு, கட்டைகளைப் பொறுக்கிச் சோமனூரில் மறுபடி நிறுத்தினார்.

"இப்பக் கொளுத்திக்கங்க."

எனக்குக் கை எழவில்லை. கூப்பிட்டு, காத்திருந்து, அதன் பிறகும் அவருக்குக் கை எப்படி எழுந்தது என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.